இதயம் நின்று மீண்டவர்களுக்கான சிகிச்சைச் சேவை: ஆம்புலன்ஸ் முதல் மூன்றாம் மாதம் வரை ஒரு மதிப்பீடு

இதயநிறுத்தத்திலிருந்து பிழைத்து வீடு திரும்பும் ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து முழுக்கப் படித்துப் பாருங்கள். எந்த ரத்தக்குழாயில் எவ்வளவு அடைப்பு, எங்கே ஸ்டென்ட், எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் திறன் எத்தனை சதவீதம், காலையில் என்ன மாத்திரை, இரவில் என்ன மாத்திரை, அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அந்த மனிதரின் மூளைக்குச் சில நிமிடங்கள் சரியான ரத்த ஓட்டமே இல்லாமல் இருந்ததே, அதைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கும்: 'சுயநினைவுடன், தெளிவாக உள்ளார்.' சில சம்மரிகளில் அந்த வரியும் இருக்காது.

பிழைத்தவரின் அடுத்த ஒரு வருடம் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் அந்த எழுதப்படாத பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே மதிப்பிடுவது ஏதோ ஒரு மருத்துவமனையை அல்ல. ஏஎல்எஸ் (உயர்நிலை உயிர்காப்பு) ஆம்புலன்ஸ், ஐசியூ, டிஸ்சார்ஜ், அதன் பிறகான தொடர் கவனிப்பு என்று நான்கு கை மாறி வரும் ஒரே சேவையை. உயிரைத் திருப்பிக் கொடுத்தார்களா என்பது ஒரு கேள்வி. வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தார்களா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

ஆம்புலன்ஸ் வரும்வரை, வந்த பிறகு

மாரடைப்பும் இதயநிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் பெரும்பாலும் விழித்திருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வார். இதயநிறுத்தத்தில் துடிப்பு நின்றுவிடுகிறது, அல்லது ரத்தத்தைத் தள்ள முடியாத வெறும் நடுக்கமாகிவிடுகிறது. ஆள் சில நொடிகளில் சுருண்டு விழுவார். மூச்சு இருக்காது, இருந்தாலும் விட்டுவிட்டு இழுக்கும். முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம். இதயத்தசை நோய், பிறவியிலேயே வரும் மின்னோட்டக் கோளாறு, பொட்டாசியம் ஏறுவது, நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி என்று வேறு வாசல்களும் உண்டு.

ஏஎல்எஸ் குழு செய்வது: மானிட்டரில் துடிப்பைப் பார்த்து ஷாக் கொடுப்பது, மூச்சுப்பாதையைக் காப்பது, ரத்தநாளம் கிடைக்காவிட்டால் எலும்புக்குள் ஊசி போடுவது, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மி.கி. அட்ரினலின், மூன்று ஷாக்குக்கும் அடங்காத நடுக்கத்துக்கு 300 மி.கி. அமியோடரோன். பார்ப்பதற்கு மொத்த மீட்பும் இந்த மருந்துகளில்தான் இருப்பதுபோல் தெரியும். கணக்கு வேறு மாதிரி வந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், விரைவாக ஷாக் கொடுக்கும் ஏற்பாடு ஏற்கனவே இருந்த ஊர்களில், அதற்கு மேல் ஏஎல்எஸ் சேவையைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவு: உயிரோடு வீடு திரும்பியவர்கள் 5.0 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதம். விழுந்ததை யாராவது பார்த்தது, பக்கத்தில் இருந்தவர் நெஞ்சை அழுத்தி சிபிஆர் செய்தது, சீக்கிரம் ஷாக் கிடைத்தது ஆகிய மூன்றும்தான் பிழைக்கும் வாய்ப்பை ஒவ்வொன்றும் மூன்று மடங்குக்கு மேல் கூட்டின.

அட்ரினலினைப் பற்றிய 2018ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வு இன்னும் கூர்மையானது. 8,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புநீர். 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 3.2 சதவீதம், உப்புநீர் பெற்றவர்களில் 2.4 சதவீதம். மருந்து உயிர் காக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் பிழைத்தவர்களில் கடுமையான நரம்பியல் குறைபாட்டோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 31 சதவீதம், இரண்டாவதில் 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நின்ற இதயத்தை மருந்தால் மறுபடி ஓட வைக்கலாம். அதற்குள் காய்ந்துபோன மூளைச் செல்லை மருந்து எழுப்பாது.

இதற்காக ஏஎல்எஸ் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. திரும்பிய துடிப்பைத் தக்கவைப்பதும், மூச்சைக் காப்பதும், சரியான மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அவர்கள் வேலைதான். மூளையைக் காப்பாற்றுவது மட்டும் அவர்கள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். 2003இல் அதே ஒன்டாரியோ குழு, பிழைத்தவர்களிடம் ஒரு வருடம் கழித்து வாழ்க்கைத் தரத்தைக் கேட்டு எழுதியது. பொதுமக்கள் யாராவது சிபிஆர் செய்திருந்தவர்களின் நிலை மேலாக இருந்தது. பின்னாளில் அவர் கணக்குப் பார்ப்பாரா, பேத்தியின் பெயரை நினைவில் வைப்பாரா என்பதில் முதல் பங்கு, பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து வந்து நெஞ்சை அழுத்தியவருடையது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப விடுவது.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக நேரும் தவறுகள் இரண்டு. மூச்சுக்குக் குழாய் போடுகிறேன், நாடி பார்க்கிறேன் என்று அழுத்துவதை நிறுத்தி வைப்பது. எந்த இடைவெளியும் 10 நொடியைத் தாண்டக்கூடாது. இன்னொன்று, பதற்றத்தில் மூச்சுப் பையை வேகவேகமாகப் பிழிவது. குழாய் போட்ட பிறகு நிமிடத்துக்கு 10 மூச்சு போதும். அதற்கு மேல் போனால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. அழுத்துகிற கைக்குப் பலன் இல்லாமல் போகிறது. ஆம்புலன்ஸ் சேவையை மதிப்பிட எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். வந்த பிறகு எத்தனை முறை, எவ்வளவு நேரம் கை நின்றது என்று இயந்திரத்தில் பதிவு பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஐசியூ

இந்தப் பகுதி இப்போது பொதுவாக நன்றாகவே நடக்கிறது. ஒரு காலத்தில் உடலை 33 டிகிரிக்குக் குளிர்விப்பதே பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. 2021இல் வந்த பெரிய பன்னாட்டு ஆய்வில் 33 டிகிரியும், காய்ச்சல் வராமல் 37.5க்குள் வைத்திருப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. எனவே குளிரூட்டும் இயந்திரம் இருக்கிறதா என்று விசாரித்து அலைவதைவிட, காய்ச்சலை ஏறவிடாமல் பார்க்கிறார்களா, ரத்த அழுத்தம் விழாமல் பிடிக்கிறார்களா, வலிப்பு வருகிறதா என்று மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுக்கிறார்களா என்று கேட்பதுதான் பொருத்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் குடும்பம் உறுதியாக நிற்க வேண்டும். கண் விழிக்காதவரைப் பற்றி 'இனி தேற மாட்டார்' என்ற முடிவை, துடிப்பு திரும்பிக் குறைந்தது 72 மணி நேரம் ஆவதற்கு முன் யாரும் சொல்லக்கூடாது. மயக்க மருந்தின் மிச்சம் உடலில் இருக்கும்வரை எந்தப் பரிசோதனையும் நம்பகமில்லை. சிறுநீரகமோ கல்லீரலோ அடிபட்டிருந்தால் அந்த மருந்து வெளியேற இன்னும் அதிக நாள் பிடிக்கும். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் சரியல்ல. ஈஈஜி, ஸ்கேன், நரம்புத் தூண்டல் சோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

டிஸ்சார்ஜ்: சேவை உடையும் இடம்

கண் விழித்துப் பேசி, வீட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நினைவு, கவனம், யோசிக்கும் வேகம், திட்டமிடும் திறன் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் குறை இருக்கிறது. பெரும்பாலும் லேசான குறைதான். லேசானது என்பதால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

காரணம் எளிது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, மூளையிலேயே ஆக்சிஜன் குறைவைத் தாங்காத இடங்களில் ஒன்று. பழைய நினைவு, பேச்சு, மரியாதை, சிரிப்பு எல்லாம் அப்படியே இருக்கும். 'எப்படி இருக்கீங்க?' என்று டாக்டர் கேட்டால் 'நல்லா இருக்கேன் டாக்டர்' என்று தெளிவாகப் பதில் வரும். போதாததற்கு, வார்டு என்பது மூளைக்கு வேலையே வைக்காத இடம். மாத்திரையை நர்ஸ் எடுத்துக் கொடுக்கிறார், உணவு தட்டில் வருகிறது, தூங்கும் நேரத்தில் விளக்கை அணைக்கிறார்கள். இங்கே குறை தெரிய வாய்ப்பே இல்லை. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, போன் அடிக்கிறது என்று எழுந்து போகும்போதுதான் தெரியும்.

பக்கத்திலிருந்து பார்த்தால் அது இப்படி இருக்கும். பரிசோதிப்பவர் ஐந்து சொற்களைச் சொல்கிறார். நோயாளி இரண்டு முறை திருப்பிச் சொல்கிறார், தடுமாற்றமே இல்லை. பிறகு வேறு வேலைகள்: எண்களைத் தலைகீழாகச் சொல்வது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது. சில நிமிடம் கழித்து, 'அந்த ஐந்து சொற்கள் என்ன?' முகத்தில் ஒரு நிதானமான புன்னகை. ஒரு சொல் வருகிறது. அப்புறம் எதுவும் இல்லை. 'அஞ்சு சொல்லா? எப்போ சொன்னீங்க?' என்று உண்மையாகவே கேட்பவர்களும் உண்டு. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு, மூன்று வாரமாக வீட்டில் நடக்கும் சண்டைகளுக்கு ஏன் முடிவில்லை என்பது அந்த நிமிடத்தில் புரிகிறது.

அந்தப் பரிசோதனையின் பெயர் மோகா. மொத்தம் 30 மதிப்பெண், 26க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும், எடுக்கும் நேரம் பத்து நிமிடம் போல. பெரிய கருவி கிடையாது. ஒரு தாள், ஒரு பென்சில், பயிற்சி பெற்ற ஒருவர். ஐரோப்பிய புத்துயிர்ப்புக் கவுன்சிலின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி, டிஸ்சார்ஜுக்கு முன் உடல், மூளைத் திறன் இரண்டையும் மதிப்பிடச் சொல்கிறது. வீடு திரும்பிய மூன்று மாதத்துக்குள் மூளைத் திறன், மனநிலை, சோர்வு மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. அமெரிக்க இதய சங்கம் 2020இல் உயிர்காப்புச் சங்கிலியில் ஆறாவது கண்ணியாக 'மீட்சி' என்பதைச் சேர்த்தது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. பத்து நிமிடத் தாள் வேலைதான் நடப்பதில்லை. இந்தச் சேவை முழுவதிலும் மன்னிக்க முடியாத ஓட்டை எதுவென்றால் இதுதான்.

பரிசோதனை நடக்கும் இடங்களிலும் சில பிசகுகள் வரும். குழப்பநிலை தெளியாதபோதே, ஐசியூவிலிருந்து வந்த இரண்டாம் நாளே மோகா செய்தால் மதிப்பெண் பொய்யாகக் குறையும். அதைக் கையில் கொடுத்து அனுப்பினால் குடும்பம் உடைந்துபோகும். டிஸ்சார்ஜுக்கு முன் ஒருமுறை, மூன்றாம் மாதத்தில் மறுபடி என்று செய்வதுதான் சரி. குணமாவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் நடக்கிறது. கண்ணாடி, காது கேட்கும் கருவி போடாமல் உட்கார வைப்பதும், தாய்மொழி அல்லாத மொழியில் கேட்பதும் இன்னொரு தவறு. பள்ளிப்படிப்பு குறைவாக உள்ளவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தரும் விதி இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். முக்கியமாக, வீட்டில் கூட இருப்பவரைத் தனியாக உட்கார வைத்து ஒரு கேள்வித்தாள் நிரப்பச் சொல்ல வேண்டும். தன் மறதி தனக்குத் தெரியாமல் போவதும் இந்தக் குறையின் ஒரு பகுதி. நோயாளி 'ஒண்ணும் இல்லை' என்பார். மகள் நாலு பக்கம் சொல்வாள்.

குறை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஏழு நாள் மாத்திரைப் பெட்டி, நிரப்புவது வேறு ஆள். வெளியே போக ஒரே பாதை, சாவிக்கு ஒரே இடம். போனில் அலாரம் வைக்கும்போது வெறும் ஒலியாக இல்லாமல் 'இரவு மாத்திரை' என்று பெயர் போட்டு வைப்பது. டிவி ஓடும்போது முக்கியமான விஷயம் பேசாமல் இருப்பது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இவருக்கு இரண்டும் விழாது. அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கும் சேவை இதையெல்லாம் ஓரிரு அமர்வில் கற்றுக்கொடுத்துவிடுகிறது. இல்லாத சேவை, 'கொஞ்ச நாள்ல சரியாயிடும்' என்று சொல்லி அனுப்புகிறது.

சோர்வு

பிழைத்தவர்கள் சொல்லும் முதல் புகார் நெஞ்சுவலி அல்ல, சோர்வு. தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு. இதைக் கேட்டதும் 'பெரிய கண்டத்தைத் தாண்டி வந்திருக்கீங்க, இருக்கத்தான் செய்யும்' என்று சொல்லும் சேவைக்குக் குறைந்த மதிப்பெண்தான். சோர்வுக்குள் திருத்தக்கூடிய காரணங்கள் ஒளிந்திருக்கும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையின் அளவு அதிகமாக இருக்கலாம். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்தால் தெரியும். அமியோடரோன் எடுப்பவருக்குத் தைராய்டு கூடவோ குறையவோ செய்யும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை இல்லாமல் அந்த மருந்தைத் தொடரக்கூடாது. ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு என்று வரிசையாகப் பார்த்துக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மூளை சார்ந்த சோர்வு.

அதற்கு மருந்தைவிட நாளைப் பிரித்து வைப்பது உதவுகிறது. ஒரு வாரம் எந்த வேலைக்குப் பிறகு எவ்வளவு களைப்பு என்று குறித்துப் பார்த்தால், உடல் வேலையைவிடக் கூட்டமும் சத்தமும் பேச்சும்தான் அதிகம் உறிஞ்சுகின்றன என்பது பலருக்கும் தெரியவரும். ஓய்வு, களைத்த பிறகு எடுப்பதல்ல. களைப்பதற்கு முன்பே எடுப்பது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் பாக்கி வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடப்பதுதான் எல்லோரும் விழும் குழி.

ஐசிடி: உடலுக்குள் இருக்கும் காவல்

திருத்தக்கூடிய தற்காலிகக் காரணம் இல்லாமல் துடிப்புக் கோளாறால் இதயம் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் ஐசிடி என்ற, துடிப்பைக் கவனித்துத் தானாகவே ஷாக் கொடுக்கும் சிறு கருவியை உடலுக்குள் பொருத்துகிறார்கள். கருவியாக அது தன் வேலையை நன்றாகச் செய்கிறது. வேகத்துடிப்பு வந்தால் முதலில் வலியில்லாத துரிதத் தூண்டல் கொடுத்து அடக்கப் பார்க்கும்; அடங்காவிட்டால், அல்லது நடுக்கமாகிவிட்டால் ஷாக். பேட்டரி பல வருடம் தாங்கும். குறை கருவியில் அல்ல, கருவியோடு கொடுக்க வேண்டிய விளக்கத்தில்.

பொருத்திய பிறகு நாலு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள் என்கிறார்கள். அதைக் கேட்டு, கையையே அசைக்காமல் மடக்கி வைத்துத் தோள் இறுகிப்போய் வருபவர்கள் ஏராளம். தோளுக்குக் கீழே எல்லா அசைவும் தினமும் செய்ய வேண்டும் என்ற பாதி வாக்கியம் விடுபடுவதால் வரும் வினை இது. செல்போனைக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சட்டைப் பையில் வேண்டாம், மறுபக்கக் காதில் பேசலாம். பின்புறம் காந்தம் உள்ள போன்களில் இந்தக் கவனம் இன்னும் அவசியம், காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை கருவி ஷாக் கொடுப்பதை நிறுத்தி வைக்கக்கூடும். கடைவாசலில் நிற்கும் திருட்டுத் தடுப்புக் கருவியின் வழியே நடந்து கடந்துபோகலாம், சாய்ந்து நிற்கக்கூடாது. எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் கருவி அட்டையைக் காட்ட வேண்டும். பல கருவிகளில் முன்னேற்பாட்டோடு எடுக்கலாம்.

ஷாக் அடித்தால் என்ன செய்வது என்பது எழுத்தில், குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் அளவுக்கு எளிமையாக இருக்க வேண்டும். ஒரு ஷாக், அதன் பிறகு நன்றாக இருக்கிறார்: அன்றோ மறுநாளோ கருவி கிளினிக்கைக் கூப்பிடவும். ஒரு ஷாக், ஆனால் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்: ஆம்புலன்ஸ். அடுத்தடுத்து இரண்டு அல்லது அதற்கு மேல்: எப்படி இருந்தாலும் ஆம்புலன்ஸ். ஷாக் அடிக்கும் நேரத்தில் தொட்டுக்கொண்டிருந்தவருக்கு லேசாகச் சுரீர் என்று இருக்கலாம், ஆபத்து இல்லை. இந்த ஒரு வரி தெரியாததால் மாதக்கணக்கில் பேரனைத் தூக்காமல் இருப்பவர்கள் உண்டு. அடிக்காத ஷாக் அடித்ததுபோல் தூக்கத்தில் உலுக்கி எழுப்புவதும் நடக்கும். அதைப் பொய் என்று ஒதுக்காமல், கருவியைச் சோதித்துப் பதிவைக் காட்டி 'அடிக்கவில்லை, பாருங்கள்' என்று சொல்லும் டெக்னீஷியன் கிடைத்தால் அது பெரிய நிம்மதி.

மனம், குடும்பம்

விழுந்த நாளும் அதையொட்டிய நாட்களும் நோயாளிக்குப் பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை. பார்த்தவர்களுக்கு அத்தனையும் இருக்கிறது. தரையில் கிடந்த உடலின் நிறம், தன் கை அழுத்தத்தில் விலா எலும்பு முறிந்த சத்தம். கூட இருந்தவருக்கு வரும் பதற்றமும் தூக்கமின்மையும் பல வீடுகளில் நோயாளியைவிட அதிகம். இரவில் எழுந்து மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்ப்பது மாதக்கணக்கில் தொடரும். ஆனால் இந்தச் சேவையில் அவருக்கென்று ஒரு பதிவுச் சீட்டு கிடையாது, ஒரு கேள்வி கிடையாது.

ஹேட்ஸ் என்ற கேள்வித்தாளில் மொத்தம் 14 கேள்விகள். பதற்றத்துக்கு ஏழு, மனச்சோர்வுக்கு ஏழு. ஏதாவது ஒன்றில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் பேச வேண்டிய நேரம். நோயாளி காத்திருக்கும் அறையிலேயே இருவரும் நிரப்பிவிடலாம். நெதர்லாந்தில் 185 பேரைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் டிஸ்சார்ஜ் ஆன சில வாரங்களிலேயே சந்தித்து, மூளைத் திறனையும் மனநிலையையும் சோதித்து, என்ன நடந்தது என்று விளக்கி, கூட இருப்பவரையும் சேர்த்துப் பேசினார். சிலருக்கு ஓரிரு சந்திப்பு போதுமாக இருந்தது, அதிகபட்சம் ஆறு. ஒரு வருடம் கழித்து அவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. புதிய மருந்தோ இயந்திரமோ இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசியதன் பலன் அது.

உடம்பில் மிஞ்சுபவை

விலா, நெஞ்செலும்பு வலி ஆறு முதல் எட்டு வாரம்வரை இருக்கும்; இருமும்போதும் புரளும்போதும் குத்தும். இதை மறுபடி மாரடைப்பு என்று பயந்து இரவில் ஓடிவருகிறவர்களுக்கு, தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமுங்கள், அழுத்தினால் கூடும் வலி எலும்பு வலி என்று முன்பே சொல்லியிருந்தால் பாதி ஓட்டம் மிச்சமாகும். அழுத்தினாலும் மாறாத, கைக்கோ தாடைக்கோ பரவும், வியர்வையோடு வரும் வலி என்றால் காத்திருக்கவே கூடாது.

குரல் கரகரப்பு, தொண்டை வழியாகப் போட்ட மூச்சுக் குழாயால் வந்தது, பெரும்பாலும் வாரங்களில் போய்விடும். போகாமல், மூச்சு இழுக்கும்போது விசில் சத்தம் வந்தால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அரிதாகச் சிலருக்கு, சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லாமல், டம்ளரை எடுக்கக் கை நீட்டும்போது மட்டும் கை வெட்டி இழுக்கும். 1963இல் விவரிக்கப்பட்ட லான்ஸ்-ஆடம்ஸ் நோய்க்குறி அது. பதற்றம் என்றோ வலிப்பு என்றோ தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. லெவெடிராசெட்டம், குளோனாசெபாம் போன்ற மருந்துகளில் நல்ல முன்னேற்றம் கிடைக்கும். ஆனால் அதை அடையாளம் காண ஒரு நரம்பியல் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.

இதய மறுவாழ்வுப் பயிற்சி, இந்தச் சேவையிலேயே நான் தயங்காமல் சிபாரிசு செய்யும் பகுதி. வாரம் இரண்டு மூன்று முறை, சில வாரங்கள், மானிட்டரோடு நடை, சைக்கிள். கஷ்டத்தின் அளவை 6 முதல் 20 வரை சொல்லச் சொல்வார்கள். ஆரம்பத்தில் 11 முதல் 13, அதாவது மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற அளவு. பிசியோவின் கண் முன்னால் துடிப்பு 110க்கு ஏறி, ஒன்றும் ஆகாமல் இறங்குவதைப் பார்ப்பதுதான் பயத்துக்கு மருந்து. குறை ஒன்று: மாரடைப்பு வந்தவர்களோடு சேர்த்து உட்கார வைத்து, எட்டு அறிவுரைகளை ஒரே மூச்சில் வகுப்பாக எடுக்கிறார்கள். மறதி உள்ளவருக்கு மூன்றாவது அறிவுரையிலேயே முதலாவது போய்விடும். ஒரு நாளைக்கு ஒன்று, எழுதிக் கொடுத்து, அடுத்த முறை அதிலிருந்தே ஆரம்பித்தால் ஒழிய பலன் இல்லை.

வேலைக்குத் திரும்புவதில் அவசரம்தான் எதிரி. ஒரேயடியாக முழுநாள் போய், இரண்டாவது வாரத்தில் தவறு செய்து, 'முன்ன மாதிரி இல்லை' என்ற பெயரோடு நிற்பதைவிட, அரைநாள், வாரத்துக்கு மூன்று நாள் என்று ஏற்றுவது நல்லது. உயரத்திலோ, ஓடும் இயந்திரத்திலோ, வாகனத்திலோ வேலை என்றால் மூளைத் திறன் பரிசோதனை இல்லாமல் தகுதிச் சான்று வாங்கவே வேண்டாம். வண்டி ஓட்டுவதற்கு அந்தந்த நாட்டில் காத்திருப்புக் காலம் உண்டு. ஐசிடி ஷாக் அடித்தால் அது மறுபடி முதலிலிருந்து எண்ணப்படலாம். தாம்பத்தியத்தைப் பற்றி எந்த டாக்டரும் தானாகப் பேசுவதில்லை, எந்தத் தம்பதியும் தானாகக் கேட்பதில்லை. இரண்டு மாடி படி சிரமமில்லாமல் ஏற முடிந்தால் பொதுவாகத் தடையில்லை. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் வீரிய மாத்திரைகளைத் தொடவே கூடாது.

இதயம் ஏன் நின்றது என்று காரணம் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு கடமை பாக்கி இருக்கிறது. பரம்பரைக் கோளாறாக இருக்கலாம் என்பதால் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோரும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது எழுதப்படாவிட்டால் யாரும் செய்வதில்லை.

சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

'எங்களிடம் இத்தனை பேர் பிழைத்தார்கள், பெரும்பாலோர் நல்ல நிலையில்' என்று சொல்லும்போது, 'நல்ல நிலை' என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பொதுவாக சிபிசி என்ற ஐந்து படி அளவுகோல்: 1 என்றால் நலம், 5 என்றால் மரணம் அல்லது மூளைச்சாவு. கேஸ் ஷீட்டைப் பார்த்தே போட்டுவிடலாம். 1 அல்லது 2 வந்தால் வெற்றிக் கணக்கில் சேரும். மேலே சொன்ன மறதிக்காரர், சோர்வால் மாலை ஆறு மணிக்குப் படுத்துவிடுபவர், இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவி எல்லோரும் அந்த 1க்குள் அடங்கிவிடுவார்கள். எச்யூஐ3 போன்ற அளவுகோல் பார்வை, செவி, பேச்சு, நடை, கைத்திறன், மனநிலை, அறிவுத்திறன், வலி என்று எட்டு விஷயங்களை நோயாளியிடமே கேட்கிறது. 1 என்றால் முழு நலம், 0 என்றால் மரணத்துக்குச் சமம், அதற்குக் கீழும் போகும். 2018இல் பன்னாட்டு நிபுணர்கள் கூடி, இதயநிறுத்த ஆய்வு எதுவானாலும் உயிர்பிழைத்தல், நரம்பியல் நிலை, வாழ்க்கைத் தரம் மூன்றையும் அளக்க வேண்டும், வாழ்க்கைத் தரத்தைக் குறைந்தது 90 நாள் கழித்து அளக்க வேண்டும் என்று வகுத்தார்கள். மருத்துவமனையும் அப்படி அளக்கிறதா?

மூன்றாம் மாதச் சந்திப்பு யாரிடம், எந்தத் தேதியில் என்று டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்குங்கள். அதில் மோகா உண்டா, ஹேட்ஸ் இருவருக்கும் உண்டா, ஐசிடி பதிவைப் படித்துக் காட்டுவார்களா என்று கேளுங்கள். இப்படி ஒரு கிளினிக்கே இல்லை என்று சொன்னால், பக்கவாதம் வந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். நினைவுப் பரிசோதனையும் ஆக்குபேஷனல் தெரபியும் அங்கே இருக்கும், ஒரு பரிந்துரைக் கடிதம் இருந்தால் போதும். அந்தக் கடிதத்தில் 'மறதி' என்று மட்டும் எழுதினால் வரிசையின் கடைசியில் போய்விடும். எத்தனை நிமிடம் இதயம் நின்றது, எத்தனை நாள் சுயநினைவில்லாமல் இருந்தார், வீட்டில் என்னென்ன தவறுகிறது என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். போகும்போது கூட வசிப்பவரை அழைத்துப்போங்கள். கடந்த ஒரு வாரம் தவறியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள், நோயாளி வெளியே ஈசிஜி எடுக்கப் போகும் நேரத்தில் அவர் அதைப் படித்துச் சொல்லட்டும்.